ஐந்து வருசம் திருகியதும் திருகாததும்: மெனுவல் லென்ஸா, ஓட்டோபோகஸா?

கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா, இடைக்கிடை குளக்கரையில் பறவை. முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் இருந்துகொண்டு நான் எடுக்கிற படங்கள் இவ்வளவுதான். முழுநேரத் தொழில் இல்லை. கிழமை நாட்களில் வேறு வேலை. கமரா சோனி ஏ6400. 2019 கடைசியில் கனடாவிலிருந்து வந்த மச்சான் உடுப்புகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்து தந்தான். இன்றுவரை அதே கமராதான், லென்ஸ்தான் மாறி மாறி வந்தது. கையால் வளையத்தைத் திருகிப் போகஸ் வைக்கிற மெனுவல் வாங்கவா, தானே போகஸ் வைக்கிற ஓட்டோபோகஸ் வாங்கவா என்று பொடியள் கேட்கும்போதெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறேன். அதில் பாதி பிழை. இப்போது ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

முதலில் வந்தது மாமாவின் பழைய நிக்கோன் 50 மில்லிமீற்றர், எஃப் 1.8. பிலிம் காலத்து லென்ஸ். (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் கூடத் திறக்கும், தெளிவாக விழுகிற ஆழம் குறையும்.) மாமாவின் கமராவும் அல்பங்களும் இடப்பெயர்வோடு போய்விட்டன. லென்ஸ் மட்டும் வவுனியாவில் ஒரு கூட்டாளி வீட்டு அலுமாரிக்குள் கிடந்தபடியால் மிஞ்சியது. "இது உன்ரை கமராவுக்குப் பூட்டேலுமோ?" என்று கேட்டுக்கொண்டேதான் தந்தார். பூட்டலாம். மிரர்லெஸ் கமராவின் பெரிய வசதியே அதுதான். பழைய நிக்கோனில் லென்ஸ் பூட்டும் இடத்துக்கும் பிலிமுக்கும் இடையில் 46.5 மில்லிமீற்றர் இருக்கும். நடுவில், ஒளியைப் பார்க்கிற துளைக்குத் திருப்பிவிடுகிற கண்ணாடி ஏறி இறங்க இடம் வேண்டுமே. சோனியில் கண்ணாடி இல்லை, அந்தத் தூரம் 18 மில்லிமீற்றர்தான். மிச்சம் 28.5 மில்லிமீற்றரை அடப்டர் என்கிற வெறும் உலோக வளையம் நிரப்பிவிடும். அதற்குள் வில்லையும் இல்லை, மின்தொடர்பும் இல்லை.

பூட்டிய முதல் நாள் சட்டர் விழவில்லை. கமரா பழுது என்று நினைத்து ஒரு மத்தியானம் முழுக்கப் பதறிக்கொண்டிருந்தேன். விசயம் என்னவென்றால், மின்தொடர்பு இல்லாத லென்ஸைக் கமரா லென்ஸாகவே எண்ணாது. லென்ஸ் இல்லாமலும் படமெடுக்கலாம் என்று மெனுவில் ஒரு தெரிவு இருக்கிறது. அதை ஒன் பண்ணினால் சரி. இதைத் தெரியாமல் அடப்டரைத் திருப்பி அனுப்பினவர்களும் இருக்கிறார்கள்.

அடப்டரைப் பற்றி இன்னும் ஒன்று. நான் இணையத்தில் வாங்கிய முதலாவது மிக மலிவு. பூட்டிய பிறகும் லென்ஸ் ஆடும். வளையத்தைத் திருகினால் போகஸ் திரும்ப முதல் லென்ஸ் முழுவதும் ஒரு நூல் திரும்பும். விற்றவரிடமிருந்து பதிலே இல்லை. இரண்டாவதுக்குக் கொஞ்சம் கூடக் காசு கொடுத்தேன், ஆட்டம் போய்விட்டது. ஆனால் அடப்டர்கள் பலதும் வேண்டுமென்றே ஒரு மயிரளவு கட்டையாகத்தான் செய்யப்படுகின்றன, தூரப் போகஸ் எட்டாமல் போகக்கூடாது என்பதற்காக. அதனால் லென்ஸில் முடிவிலிக் குறி இருக்கிற இடத்தில் முடிவிலி இருக்காது, கொஞ்சம் முன்னுக்கே வந்துவிடும். கடைசிவரை திருகிவிட்டு நந்திக்கடலின் அடுத்த கரையை எடுத்தால் படம் கலங்கித்தான் வரும். நான் ஒரு துளி வெள்ளை நெயில் பொலிஷ் வைத்து அந்த இடத்தை அடையாளப்படுத்தி வைத்திருக்கிறேன்.

மெனுவல் லென்ஸுக்குக் கமரா இரண்டு உதவி செய்யும். ஒன்று, போகஸ் ஆன விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டும் பீக்கிங். மற்றது, ஒரு பகுதியைப் பெருப்பித்துக் காட்டுவது. பீக்கிங்கை நம்பித்தான் நான் கெட்டேன். அது அறிவது போகஸை இல்லை, கருமைக்கும் வெளிச்சத்துக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தை. கூறைச் சேலையின் சரிகையைக் கண்டால் அது கோயில் தேர் மாதிரி மின்னும். நிறத்தைச் சிவப்பில் வைத்தால் சேலையோடு கலக்கும், மஞ்சளில் வைத்தால் சரிகையோடு கலக்கும், வெள்ளையில் வைத்தால் ஏதோ தெரியும். முகத்துத் தோலில் ஒன்றுமே மின்னாது. லென்ஸை எஃப் 1.8 இல் திறந்து வைத்து ஒன்றரை மீற்றரில் நிற்கிற மணப்பெண்ணை எடுத்தால், கூர்மையாக இருக்கிற ஆழம் கிட்டத்தட்ட ஆறரை சென்ரிமீற்றர். அட்டியலுக்குப் போகஸ் வைத்தால் கண் அதன் விளிம்பில்தான் நிற்கும், அவள் கொஞ்சம் நிமிர்ந்தாலே கலங்கிவிடும். சின்னத் திரையில் பார்க்க எல்லாம் நல்லாத்தான் இருக்கும். வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

அப்படித்தான் ஒட்டுசுட்டானில் ஒரு கலியாணத்தில் தாலி கட்டு போனது. பிரதான படப்பிடிப்பாளர் வேறொருவர், நான் உதவிக்குத்தான் போனேன், அதனால் தப்பினேன். மாப்பிள்ளை குனிகிறார், ஐயர் கையைக் காட்டுகிறார், அறுகரிசி பறக்கிறது, பத்துப் பேர் கைத்தொலைபேசியைத் தூக்குகிறார்கள். நான் திருகுகிறேன், மாப்பிள்ளை நகர்கிறார், திரும்பத் திருகுகிறேன். பதினெட்டுப் படத்தில் இரண்டு தேறியது, அதிலும் ஒன்றில் மாப்பிள்ளையின் காதுதான் தெளிவு. பெண்ணின் தகப்பன் பிறகு சிரித்துக்கொண்டுதான் கேட்டார்: "தம்பி, தாலி கட்டேக்க நீர் என்னத்தைத் திருகிக்கொண்டு நிண்டனீர்?" மெனுவல் லென்ஸ் பொறுமையைக் கற்றுத்தரும் என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் பொறுமை வந்தது உண்மைதான். தாலி கட்டுக்குப் பொறுமை கிடையாது.

அப்போதே ஓட்டோபோகஸ் லென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். வாங்க நினைத்தபோது 2022 வந்துவிட்டது. 200 ரூபாய் மட்டில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ஐத் தாண்டியது. பெற்றோலுக்கு வரிசை, இருட்டில் பாதி நாள், இதில் யார் லென்ஸ் வாங்குவது? அந்த நேரத்தில் எங்கள் பக்கத்துப் பொடியள் நிறையப் பேர் மெனுவல் பக்கம் வந்தது கலை ஆர்வத்தாலில்லை. மோட்டர் இல்லை, மின்சுற்று இல்லை, அதனால் புது மெனுவல் லென்ஸுக்கும் விலை மிகக் குறைவு. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, பழைய லென்ஸின் குணமே தனி என்று நாங்கள் எல்லோரும் கதைவிட்டுக்கொண்டு திரிந்தோம்.

2023 இல்தான் சிக்மா 56 மில்லிமீற்றர், எஃப் 1.4, பாவித்தது ஒன்று கிடைத்தது. 280 கிறாம், கையில் இருப்பதே தெரியாது. ஏ6400 இன் சென்சரிலேயே 425 போகஸ் புள்ளிகள் இருக்கின்றன. வரும் ஒளியை இரண்டாகப் பிரித்துப் பார்த்து, எந்தப் பக்கம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று லென்ஸுக்கு நேரே சொல்லிவிடும். முன்னுக்குப் பின்னுக்குத் தட்டித் தேடுகிற வேலை குறைவு. கண்ணைப் பிடிக்கிற வசதியும் சேர்ந்தபிறகு சாமத்திய வீட்டில் என் வேலை பாதியாகிவிட்டது. எஃப் 1.4 இல், அதே ஒன்றரை மீற்றரில், ஆழம் நாலு சென்ரிமீற்றர்தான். பிள்ளை சிரித்துத் தலையாட்டினாலே தவறுகிற அளவு. பத்துக்கு எட்டோ ஒன்பதோ கண்ணில்தான் நிற்கிறது. என் கையால் அது ஒருநாளும் வந்திராது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

அப்படியென்றால் மெனுவல் லென்ஸை விற்றுவிட்டேனா? இல்லை. வற்றாப்பளை அம்மன் கோயிலில்தான் அதற்குக் காரணம் கிடைத்தது.

வைகாசிப் பொங்கலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், இரவில் அங்கே எவ்வளவு சனம், எவ்வளவு புகை என்று. பொங்கல் அடுப்புகள், கற்பூரம், சாம்பிராணி. புகைக்குப் பின்னால் ஒரு அம்மா பானையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா. அடுப்பு வெளிச்சம் மட்டும் முகத்தில். ஓட்டோபோகஸ் லென்ஸ் புகைக்குள் போய் முன்னுக்கும் பின்னுக்கும் அலைந்தது, பிறகு பானை விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றது. பிழை அதனுடையது இல்லை. பிடித்துக்கொள்ள அதற்கு ஒரு கோடு வேண்டும்; புகையில் கோடு இல்லை, பானையில் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு மாமாவின் லென்ஸைப் பூட்டினேன். பெருப்பித்துப் பார்த்துப் போகஸ் வைத்தேன். அந்த அம்மா எங்கும் போகப்போவதில்லை, பால் பொங்கும்வரை அதே இடம்தான். புகை விலகுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு படம். போகஸ் வைத்த இடத்திலேயே இருந்தது.

அன்றிலிருந்து விலையையும் குணத்தையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும்தான் என்னிடம் கேட்டுக்கொள்கிறேன். எடுக்கப்படுகிறது எனக்காக நிற்குமா? நிற்காவிட்டாலும், எங்கே வரும் என்று முதலே தெரியுமா?

தெரியுமென்றால் மெனுவல் இன்னும் வேகம். என்னிடமுள்ள இரண்டாவது மெனுவல், சம்யாங் 12 மில்லிமீற்றர், எஃப் 2, அகலமான காட்சியைப் பிடிக்கிற லென்ஸ். அபேச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப் 8 இல் வைத்து, வளையத்தை ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் உள்ளே நிறுத்தினால், அரை மீற்றரிலிருந்து அடிவானம் வரைக்கும் போதுமான தெளிவு. போகஸ் என்கிற வேலையே இல்லை. பகலில் காவடி வருகிறபோது கூட்டத்துக்குள் புகுந்து, கமராவைத் தலைக்கு மேலே தூக்கி, பார்க்காமலே அமத்தலாம். ஓட்டோபோகஸ் எந்தக் காவடியை, எந்தத் தலையை, எந்த மயிலிறகைப் பிடிக்கிறது என்று யோசிக்கத் தேவையில்லை. தாள் ஒட்டி அந்த வளையத்தை அப்படியே நிறுத்திவிட்டுப் போன நாட்களும் உண்டு.

இரவில் இதே லென்ஸ்தான். நெடுங்கேணிப் பக்கம் ஊர் வெளிச்சத்தை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால், நிலவில்லாத நாளில் பால்வீதி வெறுங்கண்ணுக்கே தெரியும். ஓட்டோபோகஸ் நட்சத்திரத்தில் திணறும். மெனுவலில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெருப்பித்து, அது ஆகச் சின்னப் புள்ளியாகும்வரை திருகி விட்டுவிடலாம். பிறகு 20, 25 செக்கன் திறந்து வைக்கலாம். யானை நடமாடுகிற இடம் என்பதால் நான் தனியாகப் போவதில்லை, அது வேறு கதை.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். ஓட்டோபோகஸ் லென்ஸிலும் வளையம் இருக்கிறதே, அதைத் திருகினால் மெனுவல்தானே என்று கேட்பார்கள். மிரர்லெஸ்ஸுக்கு வருகிற அனேகமான ஓட்டோபோகஸ் லென்ஸ்களில் அந்த வளையம் எதையும் நேரே நகர்த்துவதில்லை. நீங்கள் திருகியதைக் கமரா கேட்டு, அது மோட்டருக்குச் சொல்லி, மோட்டர் நகர்த்துகிறது. தூர அளவு பொறித்திருக்காது. முடிவும் இருக்காது, சுற்றிக்கொண்டே போகும். பலவற்றில் வேகமாகத் திருகினால் கூடவும், மெதுவாகத் திருகினால் குறையவும் நகரும். இருட்டில் விரலால் தடவி இடம் பிடிக்கிற வேலை அதில் சரிவராது. கமராவை நிப்பாட்டிப் போட்டால் வைத்த போகஸும் போய்விடலாம். வீடியோவில் ஒரே மாதிரி இரண்டு தரம் போகஸை இழுக்க வேண்டியவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

பறவைக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது சோனி 55-210 மில்லிமீற்றர் சூம் லென்ஸ், ஓட்டோபோகஸ். சுண்டிக்குளத்தில் பூநாரைக் கூட்டம் எழும்பும்போது மெனுவலோடு நிற்பவர் வெறுமனே வேடிக்கைதான் பார்க்கலாம். பறவையின் கண்ணைப் பிடிக்கிற வசதி என் கமராவில் இல்லை; ஆனாலும் வெறும் வானத்தில் பறக்கிறதைப் பிடித்துவிடும். பாலை மரத்துக்குள் குந்தியிருக்கிற குருவி என்றால் முன்கிளையைத்தான் பிடிக்கும், ஒரு சின்னப் புள்ளியைத் தெரிவுசெய்து இடுக்குக்குள் விட வேண்டும். மீன்கொத்தி மட்டும் விதிவிலக்கு. முத்தையன்கட்டு வாய்க்காலில் ஒரு கம்பு இருக்கிறது. பறந்து போனாலும் திரும்ப அதே கம்பில்தான் வந்து குந்தும். கம்புக்குப் போகஸ் வைத்து, மெனுவலுக்கு மாற்றிவிட்டு, பொறுமையாகக் காத்திருந்தால் சரி. மத்தியான வெயிலில் குளத்துக்கு மேலே கானல் ஓடத் தொடங்கினால் எந்த லென்ஸாலும் பிரயோசனமில்லை, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

பராமரிப்பில் மெனுவல் முன்னுக்கு நிற்கிறது. சோளகக் காத்தில் கிறவல் ரோட்டுப் புழுதி எதற்குள்ளும் போகும்; மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். மாமாவின் லென்ஸில் பூஞ்சணம் கண்டபோது தெரிந்த ஒருவர் கழற்றித் துடைத்துப் பூட்டித் தந்தார். மோட்டர் லென்ஸுக்கு அப்படிக் கைவைக்க ஆள் இங்கே இல்லை, கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும். இரண்டையும் இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். அரிசிக்குள் வைக்கச் சொல்லுவார்கள், வேண்டாம், மா தூள் உள்ளே போகும்.

யாராவது ஒரு லென்ஸுக்குத்தான் காசு இருக்கிறது, அதை வைத்து உழைக்கவும் வேண்டும் என்றால், யோசிக்காமல் ஓட்டோபோகஸ் வாங்குங்கள். பாவித்தது என்றாலும் பரவாயில்லை. மெனுவல் இரண்டாவதாக வரட்டும், அதுவும் முதலில் அகலமான லென்ஸாக வரட்டும். அகல லென்ஸில் போகஸ் பிழைக்கிறது குறைவு. எஃப் 1.2 என்று போட்டிருக்கிற மலிவான மெனுவல் போர்ட்ரெயிட் லென்ஸ்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அந்த 1.2 இல் கண்ணைப் பிடிக்க முடியாமல் கடைசியில் 2.8 இல்தான் எடுப்பீர்கள்.

மாமாவின் 50 இப்போது அனேகமாகப் பெட்டிக்குள்தான். பொங்கலுக்கு எடுப்பேன், அப்புறம் மாமாவையே எடுக்கும்போது எடுப்பேன். அவரைப் போகஸ் பண்ணுவது லேசு. பிலிம் காலத்து ஆள். கமராவைத் தூக்கினால் கதிரையில் நிமிர்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, நான் திருகி முடித்துச் சரி என்று சொல்லும்வரை கண்ணைக்கூடச் சிமிட்டாமல் இருப்பார்.