நமீபியா, போட்ஸ்வானா: கூரைக் கூடாரமும் டயர்க் காற்றும்

நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக்கில் வாடகைக்கு வண்டி எடுத்து நமீபியா, போட்ஸ்வானா என்று ஒரு குளிர்காலம் முழுக்கப் படம் எடுத்துக்கொண்டே ஓட்டியாயிற்று. டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப், டீசல், ஃபோர் வீல் டிரைவ். கூரையில் கூடாரம், பின்னால் 12 வோல்ட் ஃபிரிட்ஜ், இரண்டு ஸ்டெப்னி. ஊர் திரும்பியதும் எல்லாரும் கேட்டது, "எந்த லென்ஸ் கொண்டு போனீங்க?" டயரில் எவ்வளவு காற்று வைத்தோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெளிச்சம் இருக்கும் நேரத்தில் இருக்கவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

நமீபியாவில் பி என்று தொடங்கும் சாலைகள் பெரும்பாலும் தார். சி, டி என்றால் பெரும்பாலும் சரளை. சரளைப் பாதை தகரக் கூரை போல வரிவரியாகக் கிடக்கும். தார் ரோட்டுக்கு அடித்த காற்றோடே அதில் இறங்கினால் பல்லெல்லாம் ஆடும், கல் குத்தி டயரும் போகும். டயர்க் காற்றை 1.8 பார் (சுமார் 26 பி.எஸ்.ஐ) அளவுக்கு இறக்கிவிட்டால் வண்டி பதமாக ஓடும். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவே வேண்டாம், வளைவில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டு நாட்டிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அந்தத் தொல்லை நமக்கு இல்லை. வாடகைக் கடையில் கொடுத்த கம்ப்ரெசரின் மீட்டர் வாய்க்கு வந்ததைச் சொன்னது. தனியாக ஒரு பிரஷர் கேஜ் கையில் இருக்கட்டும்.

நமீபியாவின் மணல்மேட்டுப் பூங்காவான சோசுஸ்வ்லேயில்தான் இதெல்லாம் பளிச்சென்று விளங்கும். பூங்காவின் செஸ்ரியம் வாசலிலிருந்து 60 கிலோமீட்டர் நல்ல தார் ரோடு, கடைசி 5 கிலோமீட்டர் வெறும் மணல். அங்கே 1.2 பாருக்கும் கீழே இறக்கி, நடுவில் நிற்காமல் ஓட்ட வேண்டும். அதற்கப்புறம் நடந்து மேடு ஏறினால் டெட்வ்லே: வெள்ளைக் களிமண் தரை, பல நூறு வருடங்களுக்கு முன்பே பட்டுப்போய் இன்னும் நிற்கிற மரங்கள். காலையில் பின்னாலிருக்கும் மணல்மேடு செக்கச்சிவந்து, தரை மட்டும் நிழலில் கிடக்கும் கொஞ்ச நேரம்தான் படத்துக்கு உரியது. பூங்காவுக்கு உள்ளேயே தங்கியவர்களுக்கு உள்வாசலைச் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திறக்கிறார்கள். வெளியே தங்கினால் அந்த நேரம் கைக்குக் கிடைக்காது. பலரும் வைட் லென்ஸோடு வந்து நிற்கிறார்கள். எனக்கு 70-200 மி.மீ. டெலி லென்ஸ்தான் உதவியது. வானத்தை வெட்டிவிட்டு மரத்தையும் மணல்மேட்டையும் ஒட்டவைத்தது அதுதான்.

கூரைக் கூடாரத்தைப் பற்றி ஆகா ஓகோ என்று சொல்கிறார்கள். அது வண்டியோடு ஒட்டிய வீடு என்பதை யாரும் சொல்வதில்லை. விடியலுக்கு முன் கிளம்ப வேண்டுமென்றால் விறைத்த விரலோடு ஜிப்பை இழுத்து, ஏணியை மடித்து, உறையைப் போர்த்தி, பெல்ட்டை இறுக்கிவிட்டுத்தான் சாவியைத் தொடலாம். செஸ்ரியத்தில் தரைக் கூடாரமே மேல். ஆனால் போட்ஸ்வானாவின் மொரேமி, சவுட்டி முகாம்களைச் சுற்றி வேலி கிடையாது, கழுதைப்புலி சாவகாசமாக நடந்து போகும். அங்கே மேலே படுப்பதில் ஒரு நிம்மதி உண்டு. பாத்ரூம் போகத் தோன்றும்வரை.

தூசி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு கேமரா, இரண்டு லென்ஸ், பகலில் மாற்றவே கூடாது. கேமராவை மூடிவைக்கத் தலையணை உறை போதும், விலையுயர்ந்த பை தேவையில்லை. லென்ஸ் ஆடாமல் இருக்க வண்டி ஜன்னலில் வைக்கிற பீன்பேகை வெறும் உறையாகக் கொண்டுபோய் அங்கே அரிசி வாங்கி நிரப்பினோம். கடைசி வாரம் அதையே பொங்கிச் சாப்பிட்டோம்.

ஃபிரிட்ஜின் இரண்டாவது பேட்டரி வண்டி ஓடினால்தான் ஏறும். ஒரே இடத்தில் தங்கப்போகிறீர்கள் என்றால் சோலார் பேனல் கேட்டு வாங்குங்கள். உள்ளே இறைச்சியை அடைத்துவைக்கவும் வேண்டாம். கோமாரி நோய்த் தடுப்பு வேலிகளில் பச்சை இறைச்சியைப் பிடுங்கிக்கொள்வார்கள். போட்ஸ்வானாவில் செருப்பைக்கூட மருந்து நீரில் மிதிக்கச் சொல்கிறார்கள்.

நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவில் ஒக்காவ்குவேயோ முகாமின் நீர்க்குட்டையில் இரவு முழுக்க விளக்கு எரியும். கறுப்புக் காண்டாமிருகம் வரும், டிரைபாட் இருந்தால் போதும். போட்ஸ்வானாவின் சோபே ஆற்றில் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு கசானேயிலிருந்து படகு ஏறுங்கள். நீந்திப் போகும் யானையைத் தண்ணீர் மட்டத்திலிருந்து எடுக்க ஹைலக்ஸால் முடியாது.

மறுபடி போனாலும் இதே வண்டிதான். எல்லை தாண்டுவதற்கான அனுமதிக் கடிதத்தை மட்டும் புறப்படும் அன்றே கையில் வாங்கிவிடுவேன். டயரும் கண்ணாடியும் அடங்கிய காப்பீட்டுக்குக் கூடுதலாகக் கேட்கும் பணத்தை மறுபேச்சில்லாமல் கட்டிவிடுவேன்.