பணியிட உறவுகள் குறித்த ஒருநாள் பயிற்சி: என் மதிப்பீடு

எங்கள் அலுவலகத்தில் ஒரு பயிற்சி நிறுவனம் நடத்திய ஒருநாள் வகுப்பு, எப்போதும் தன்னைப் பாதிக்கப்பட்டவராகக் காட்டியே காரியம் சாதித்துக்கொள்ளும் சக ஊழியரை எவ்வாறு எதிர்கொள்வது என்பதைப் பற்றியது. அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்டீபன் கார்ப்மன் 1968இல் முன்வைத்த முக்கோணத்தை, அதாவது பாதிக்கப்பட்டவர், மீட்பவர், துன்புறுத்துபவர் என்னும் மூன்று வேடங்களையும் அவை நொடியில் இடம் மாறுவதையும், பயிற்றுநர் எங்களையே நடிக்கவைத்து விளக்கினார். "எனக்கு மட்டும்தான் எல்லாக் கஷ்டமும், இந்த அறிக்கையை நீங்களே முடித்துவிடுங்கள்" என்று எதிரில் இருந்தவர் கண்கலங்கியபோது, நடிப்பென்று தெரிந்தும் அறிக்கையை வாங்க என் கை நீண்டுவிட்டது. மூன்று ஆண்டுகளாக நான் செய்துவந்தது இதைத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"சிரமம் புரிகிறது, உங்கள் பகுதியை என்றைக்குத் தருவீர்கள்?" என்று கேட்டு, பேசியதை அன்றே மின்னஞ்சலில் பதிவுசெய்யும்படி வகுப்பில் கற்றுத்தந்த முறை மறுவாரமே பயன்பட்டது.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. உண்மையிலேயே துன்புறுத்தப்படுபவரை இனங்காண்பதற்குப் பத்து நிமிடமே ஒதுக்கினார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில், பெண்கள் அளிக்கும் பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்கிறது இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம். அத்தகைய புகாரை 'நாடகம்' என்று மேலாளர் ஒதுக்கிவிடலாகாது என்பதை வகுப்பில் எவரும் சொல்லவில்லை. இப்பகுதியை அரைநாளாக விரித்தால் மட்டுமே மேலாளர்களுக்கு இவ்வகுப்பைப் பரிந்துரைப்பேன்.