ஸ்டியரிங் இறுகியது, 24,000 ரூபாய் போனது: பெங்களூரில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், அதில் பாதிக் கோபம் என் மேல்தான்.

ஓசூரில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு நானும் மனைவியும் திரும்பிக்கொண்டிருந்தோம். பொம்மசந்திராவிலேயே மழை பிடித்துக்கொண்டது. சில்க் போர்டில் வண்டிகள் நகரவே இல்லை. ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாம் ஓட, முக்கால் மணி நேரம் இன்ஜினை அணைக்காமல் நின்றோம். ஒருவழியாகக் கோரமங்கலா பக்கம் திரும்ப ஸ்டியரிங்கை ஒடித்தேன். பாதியில் இறுகிவிட்டது. டாஷ்போர்டில் ஸ்டியரிங் படமும் பக்கத்தில் ஆச்சரியக்குறியும் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. இரண்டு கையாலும் இழுத்து, உழவு மாட்டைத் திருப்புவது போலத் திருப்பி ஓரம் கட்டினேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பவர் போனாலும் ஸ்டியரிங் வேலை செய்யும். கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தண்டு இருக்கிறது, அது எங்கேயும் போகாது. போவது மோட்டாரின் உதவி மட்டும்தான். வேகத்தில் அவ்வளவாகத் தெரியாது, மெதுவாகத் திருப்பும்போதுதான் தோள்பட்டை கழன்றுவிடும். பதற்றத்தில் ஓடும் வண்டியில் சாவியை மட்டும் முழுசாகத் திருப்பி எடுத்துவிடாதீர்கள். அப்புறம் ஸ்டியரிங் நிஜமாகவே பூட்டிக்கொள்ளும்.

அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தேன். சரியாகிவிட்டது. அல்சூர் வீட்டுக்கு வருவதற்குள் இன்னும் ஒரு முறை அதே கதை.

மறுநாள் காலை உள்வட்டச் சாலையை ஒட்டிய ஒரு மல்டி பிராண்டு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பளபள தரை, காபி மெஷின், டை கட்டிய பையன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "சார், மோட்டார் அவுட். காலம் அசெம்பிளியே மாத்தணும். புதுசுன்னா 46,000. ரீகண்டிஷன் இருக்கு, 24,000. ஆறு மாசம் கேரண்டி." காலம் என்றால் ஸ்டியரிங் தண்டும் மோட்டாரும் சேர்ந்த பாகம் (column). என் காலம் கெட்டுப்போச்சு என்று அவர் சொன்னது காரைத்தான், ஆனால் கேட்க எனக்கு ஜோசியம் போலத்தான் இருந்தது. ஸ்கேன் ரிப்போர்ட் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார்கள். டேப்லெட் திரையைச் சாய்வாக எடுத்த மங்கலான படம். நான் சரியாகப் பார்க்கவில்லை.

"பில் வேணும்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி மேல வரும் சார்" என்றார். வேண்டாம் என்றேன். இதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். பத்தாயிரம் யுபிஐயில், மீதி ரொக்கம். யுபிஐயில் வந்த பெயர் கடைப் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆள். அதையும் கேட்கவில்லை. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கார் வந்தது. ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி சுழன்றது. மனைவி ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள்: "என்னங்க, மணி தப்பாக் காட்டுதே? ரேடியோ ஸ்டேஷன் எல்லாம் போயிருக்கு." ஏதோ கழற்றியிருப்பார்கள் என்று நான் அலட்சியமாகச் சொன்னேன். அவள் கேட்ட அந்தக் கேள்வியில்தான் மொத்த விஷயமும் இருந்தது.

பதினொரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் தொம்மலூர் மேம்பாலத்துக்குக் கீழே திரும்பும்போது அதே மஞ்சள் விளக்கு, அதே இறுக்கம்.

கடைக்குப் போன் செய்தால், "இப்ப ஈசியு போயிருக்கும் சார், அது கேரண்டியில வராது, கொண்டு வாங்க பார்க்கலாம்." ஈசியு (ECU) என்பது ஸ்டியரிங் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கம்ப்யூட்டர். அங்கேதான் எனக்கு உறைத்தது. மர்ஃபி டவுனில் எங்கள் தெருக்காரர் ஒருவர் சொன்ன வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். மரப்பெட்டி, மல்டிமீட்டர், பக்கத்தில் டீ கிளாஸ், அவ்வளவுதான் கடை.

அவர் ஸ்டியரிங் பக்கமே போகவில்லை. பானட்டைத் திறக்கச் சொன்னார். "காலையில ஸ்டார்ட் பண்ணும்போது எப்பவாவது டிக்குன்னு ஒரு சத்தம் மட்டும் வருதா தம்பி?" வருகிறது, மாதத்தில் இரண்டு மூன்று தடவை. இரண்டாம் முறை சாவியைத் திருப்பினால் எடுத்துக்கொள்ளும், அதனால் நான் கண்டுகொள்ளவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார்.

இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் ஏசியும் போடச் சொன்னார். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழில் வைத்தார். இன்னொரு முனையை, ஒரு விரல்கூடத் தள்ளியில்லாமல், அதன் மேல் மாட்டிய கிளாம்பிலேயே வைத்தார். "ஸ்டியரிங்கை முழுசா ஒடி." ஒடித்தேன். 0.1 என்று இருந்த எண் 1.6-க்குத் தாவியது. ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டிய இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் தொலைகிறது. அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்ட வேண்டும். "மீட்டரு மெதுவாத்தான் காட்டும். நிஜத்துல ஒரு நொடி இன்னும் கீழ விழுந்திருக்கும்" என்றார்.

கிளாம்பைக் கையால் அசைத்தார். ஆடியது. நட்டு முழுக்க இறுகியிருந்தது, ஆனால் கிளாம்பின் வாய் விரிந்துபோய்க் குமிழைப் பிடிக்கவே இல்லை. உள்ளே பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு. ஏழு மாதம் முன்பு வீட்டுக்கே வந்து புது பேட்டரி மாட்டிய ஆள் ஸ்பேனரால் தட்டித் தட்டி இறக்கியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். இந்தக் கால சின்ன கார்களில் ஸ்டியரிங்குக்கு ஆயிலும் பம்பும் கிடையாது, மின்சார மோட்டார்தான் ஸ்டியரிங்கைத் தள்ளுகிறது. நாம் எவ்வளவு முறுக்குகிறோம் என்பதை ஒரு டார்க் சென்சார் அளந்து சொல்ல, ஈசியு மோட்டாருக்குக் கரண்ட் விடுகிறது. நின்ற இடத்தில் முழுசாக ஒடித்தால் ஐம்பது ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும் கார்கள் உண்டு. இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்தே பத்து ஆம்பியரைத் தாண்டாது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நெரிசலில் ஐடிலிங்கில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றும் ஜெனரேட்டர்) அவ்வளவு தராது, மிச்சத்தை பேட்டரிதான் கொடுக்க வேண்டும். கிளாம்பு லூசாக இருந்தால் அதனால் கொடுக்க முடியாது. வோல்டேஜ் சரியும், ஈசியு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உதவியை நிறுத்திவிட்டு விளக்கைப் போடும். அணைத்துப் போட்டால் மறுபடி சரியாகிவிடும்.

"அப்படின்னா மாத்தினப்புறம் பதினொரு நாள் எப்படி ஓடுச்சுண்ணா?"

சிரித்தார். "ஸ்டியரிங்கைக் கழட்டணும்னா ஏர்பேக் இருக்கு, முதல்ல நெகட்டிவ்வைக் கழட்டித்தான் ஆகணும். கழட்டி மாட்டும்போது தேய்ஞ்சு கொஞ்சம் பிடிச்சிருக்கும். உனக்கு அவங்க மாத்தினது ஸ்டியரிங் இல்ல தம்பி, கிளாம்பை ஒருவாட்டி கழட்டி மாட்டினாங்க."

டாஷ்போர்டு கடிகாரம் தப்பாகக் காட்டியது அதனால்தான். காலத்தை மாற்றியதால் பயனே இல்லை, 24,000 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த பலன் கிளாம்பைக் கழற்றி மாட்டியது மட்டும்தான். அவர் குமிழை உப்புத்தாளால் தேய்த்து, புது கிளாம்பு போட்டு, கிரீஸ் தடவினார். கிளாம்பும் கூலியும் சேர்த்து 450 ரூபாய். டீக்குக் காசு கொடுக்கப் போனேன், விடவில்லை. அதற்குப் பிறகு அந்த விளக்கு எரியவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த மங்கலான ஸ்கேன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "சப்ளை வோல்டேஜ் லோ" என்ற ஒரே வரி. அவர்கள் கருவியே அவர்களுக்குச் சொல்லியிருக்கிறது!

நேரில் போய்க் கேட்டேன். "அது பேட்டரிப் பிரச்சினை சார், இது காலம் பிரச்சினை, ரெண்டும் ஒரே நேரத்துல வந்திருக்கு" என்றார் டை கட்டியவர், முகம் மாறாமல். பழைய பாகம்? "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு." ஒரு கோளாறும் இல்லாத என் காலம் இப்போது யாருடைய காரில் ரீகண்டிஷன் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறதோ.

கடைப் பெயரை இங்கே போடவில்லை, புகார் போய்க்கொண்டிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசினேன். பில் இருக்கிறதா என்பதுதான் அங்கேயும் முதல் கேள்வி. வாட்ஸ்அப் உரையாடலையும் யுபிஐ ரசீதையும் வைத்துப் பதிந்திருக்கிறேன். சரிப்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

உங்களுக்கு இந்த மஞ்சள் விளக்கு எரிந்தால் ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு முன்னால், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போங்கள். மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அப்புறம் ஒருவரை ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொல்லிவிட்டு குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். பாசிட்டிவ் பக்கமும் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால் ஃபியூஸ், பாடி எர்த் வயர், ஆல்டர்னேட்டர். சென்சாரும் மோட்டாரும் கெடாது என்று சொல்லவில்லை, கெடும். ஆனால் அது வரிசையில் கடைசி. ஆன்லைனில் விற்கும் மலிவு ஓபிடி கருவி (காரில் செருகிக் கோளாறுக் குறியீடு படிப்பது) பெரும்பாலும் இன்ஜின் குறியீடு மட்டும்தான் படிக்கும். ஸ்டியரிங் குறியீடு 'சி' எழுத்தில் தொடங்கும் சேஸிஸ் வகை, அதைப் படிக்கும் கருவி வேண்டும். ஸ்கேன் செய்தால் திரையை நீங்களே நேராகப் படம் எடுங்கள். பழைய ஹைட்ராலிக் ஸ்டியரிங் என்றால் கதை வேறு: ஆயில் அளவு, பெல்ட், ஒடிக்கும்போது பம்பிலிருந்து வரும் முனகல்.

இன்னொரு தொல்லை பாக்கி இருக்கிறது. அவர்கள் மாட்டிய அந்தக் காலத்தோடுதான் இன்னும் ஓட்டுகிறேன். நேர் சாலையில் கையை விட்டால் ஸ்டியரிங் ஒரு விரல் அளவு இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. வீல் அலைன்மென்ட் பார்த்தாயிற்று, அதில் பழுதில்லை. சென்சாருக்கு எது நேர்நிலை என்று பதிந்து வைக்கும் காலிபரேஷனைச் செய்யாமலே விட்டிருக்கலாம் என்கிறார் மர்ஃபி டவுன்காரர். அடுத்த வாரம் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விடப்போகிறேன், இந்த முறை பில்லோடு.