கோழியின் அயர்ச்சியை எதில் அளப்பது: ரத்தத்திலா, எச்சத்திலா, இறகிலா?

சித்திரை வெயிலில் நாமக்கல் முட்டைக்கோழிகள் அலகைத் திறந்து மூச்சிரைப்பது கண்ணுக்கே தெரிகிறது. கூண்டு நெருக்கடியும் தீவன மாற்றமும் தரும் அயர்ச்சி (ஸ்ட்ரெஸ்) அப்படி வெளியே தெரிவதில்லை. அதற்காகத்தான் அயர்ச்சியில் ஏறும் ஹார்மோனைத் தேடுகிறோம். மனிதருக்குக் கார்டிசோல் என்றால் கோழிக்குக் கார்டிகோஸ்டீரோன். அட்ரினல் சுரப்பியிலிருந்து வருவது.

ரத்தப் பரிசோதனையைத்தான் பலரும் முதலில் நம்புகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கோழியைப் பிடித்த இரண்டு மூன்று நிமிடங்களிலேயே இந்த ஹார்மோன் ஏறத் தொடங்கிவிடும். முதலில் பிடித்த கோழிக்கும், பக்கத்தில் நடந்த அமளியைப் பார்த்துக்கொண்டே காத்திருந்த பத்தாவது கோழிக்கும் வரும் வேறுபாடு, பிடித்த கை தந்த பயமாகவே இருக்கலாம். பல வாரம் அயர்ந்து கிடந்த கோழியிடம் அளவு சாதாரணமாக இருப்பதும் உண்டு. அந்தத் தாளைப் பார்த்து ஒருவர் நிம்மதியாகத் தூங்கப் போவதுதான் எனக்குக் கவலை.

எச்சத்தை எடுக்கக் கோழியைத் தொடவே வேண்டாம். சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையை அது சொல்லும். கூண்டுக்குக் கீழே தட்டு வைத்து, புதிதாக விழுந்ததை உடனே உறைய வைக்க வேண்டும். தென்னைநார்க் கழிவு பரப்பிய பல்லடம் கறிக்கோழி ஷெட்டுக்கு இது ஒத்துவராது. தரையில் கலந்தபின் நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும்.

பல்லடத்துக்கு இறகு பொருந்தும். இறகு வளரும்போதே ரத்தத்திலிருந்து ஹார்மோன் அதில் படிகிறது. ஆறு வாரத்தில் விற்பனைக்குப் போகும் கறிக்கோழிக்கு அது வாழ்நாள் கணக்கு. 60 வார முட்டைக்கோழியின் இறகோ பெரும்பாலும் முட்டையிடத் தொடங்கும் முன்பே வளர்ந்து முடிந்தது. இன்றைய கூண்டைப் பற்றி அதனிடம் கேட்டுப் பயனில்லை.

என் தேர்வு, ஹார்மோனையே அளக்காத ஒரு முறை. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, ஹெட்டரோஃபில், லிம்போசைட் என்னும் இரு வெள்ளணுக்களின் விகிதத்தை எண்ணுவது. 1993இல் கிராஸ், சீகல் என்ற இரு ஆய்வாளர்கள் குறைந்த அயர்ச்சிக்கு 0.2, நடுத்தரத்துக்கு 0.5, மிகுதிக்கு 0.8 என்று வரையறுத்தார்கள். கார்டிகோஸ்டீரோன் ஏறினால் இந்த விகிதமும் ஏறும். ஆனால் அதற்குச் சில மணி நேரமாகும், ஆகவே பிடித்த பதற்றம் கணக்கைக் கெடுக்காது. நுண்ணோக்கியும் பழகிய கண்ணும் போதும். நோய்த்தொற்றும் விகிதத்தை ஏற்றும் என்பதால் நோயுற்ற கோழியை விலக்கிவிட வேண்டும். பங்குனியில் ஒரு முறை, தண்ணீர் தெளிப்பான் பொருத்தியபின் அதே வரிசையில், அதே நேரத்தில் மறுமுறை எடுத்துப் பாருங்கள்.