பவர் ஸ்டீயரிங் ஆயில் மாற்ற விட்டால் வண்டியை விட்டு நகராதீர்கள்

நாமக்கல்லில் 12 சீட் வேன் ஒன்று சொந்தமாக வைத்து ஓட்டுகிறேன். ஆடி 18-க்குக் கொல்லிமலை போக ஒரு குடும்பம் சொல்லி வைத்திருந்தது. அடிவாரத்துக் காரவள்ளி தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவு. ஸ்டீயரிங் கொஞ்ச நாளாகக் கனமாகத் தெரிந்ததால், மலையேறும் முன் ஆயிலை மாற்றிவிடலாம் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "பழசை எல்லாம் வெளியே எடுத்து முழுசா ஃபிளஷ் பண்ணிடலாம்ண்ணே, நீங்க டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்கள். போனேன். அந்த டீக்குத்தான் இவ்வளவு செலவு.

அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. ஆயில் 4 லிட்டர் 1,800, கூலி 1,000. வண்டியில் ஸ்டீயரிங் ஆயில் நிற்கும் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார்கள், உள்ளே பளிச்சென்று சிவப்பு. நானும் திருப்தியாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை வண்டியை ஒடித்துத் திருப்பினால் ஸ்டீயரிங் பம்ப் பக்கம் 'ஙொய்ய்' என்று சத்தம். டப்பாவைப் பார்த்தால் ஆயில் நுரை தள்ளுகிறது, நிறமும் காப்பி மாதிரி மாறியிருந்தது. போன் செய்தேன். "பம்ப் போயிருச்சுண்ணே. ரீகண்டிஷன் பம்ப் இருக்கு, 9,500 ஆகும்." முந்தின நாள் வரை முனகாத பம்ப் ஒரே ராத்திரியில் எப்படிப் போகும்?

டிரிப்பை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, லாரி வேலை பார்க்கும் வயதான மேஸ்திரி ஒருவரிடம் போனேன். ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸை அவர் கழற்றினார். வந்தது கருப்பு ஆயில். டப்பாவில் இருந்ததை மட்டும் சிரிஞ்சில் உறிஞ்சிவிட்டுப் புதுசு ஊற்றியிருக்கிறார்கள். பம்ப், ஸ்டீயரிங் பாக்ஸ், ஹோஸ் எல்லாவற்றிலும் பழசு அப்படியே இருந்திருக்கிறது. டப்பா காலியாக இருந்தபோதே யாரோ இன்ஜினை ஸ்டார்ட் செய்ததில் பம்ப் காற்றை இழுத்துவிட்டதாம். சத்தமும் நுரையும் அதனால்தான். பம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் செய்ததைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முன்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்ட் போட்டார். ரிட்டர்ன் ஹோஸ் முனையைக் காலி பாட்டிலுக்குள் விட்டு, டப்பாவில் அந்த வாயை அடைத்தார். ஸ்டார்ட் செய்யாமலே ஸ்டீயரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை மெதுவாகத் திருப்பச் சொன்னார். டப்பா வற்றாமல் பையன் ஊற்றிக்கொண்டே இருந்தான். சிவப்பாக வரும்வரை இதே வேலை. அப்புறம் ஹோஸை மாட்டி, ஸ்டார்ட் செய்து, குமிழி நிற்கும்வரை மறுபடியும் திருப்பல். கடைசியில் போய் முட்டும்போது அழுத்திப் பிடிக்க விடவில்லை, பம்ப் சூடேறிவிடும் என்று கத்தினார். கழுவி விட்டதையும் சேர்த்து மொத்தம் 2 லிட்டர் ஆனது. அந்த 4 லிட்டர் கணக்கு எங்கே போயிற்று?

ஆகவே பழைய ஆயிலைப் பாட்டிலில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அரை டம்ளர்தான் இருந்தால் டப்பாவை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஆயிலை நீங்களே வாங்கிக் கொடுங்கள், எந்த ரகம் என்று மேனுவலிலோ டப்பா மூடியிலோ இருக்கும். என் வண்டிக்கு டெக்ஸ்ரான் ரக ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயில்). பிரேக் ஆயிலை ஊற்றிவிடும் புண்ணியவான்களும் உண்டு, அது சீல் ரப்பரையே ஊத வைத்துக் கெடுத்துவிடும். ஆயில் மாற்றிய மறுநாளே பம்ப் போச்சு என்று சொன்னால், உள்ளே போன காற்றை வெளியே எடுத்துப் பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.

பில்லை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போய், 4 லிட்டர் காலி டின்னைக் காட்டுங்கள் என்றேன். "குப்பை வண்டி வந்து எடுத்துட்டுப் போயிருச்சுண்ணே" என்றார்கள். நான் வண்டியை விட்டது ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலையிலேயே போய் நிற்கிறேன், எங்கள் பக்கம் குப்பை வண்டி வருவது புதன்கிழமை.