ஜெர்மனியில் ரெசிடென்ஸ் கார்டு முடியப்போகிறதா? ஒரே ஒரு ஆப் வங்கியை நம்பி இருக்காதீர்கள்

ஜெர்மனியில் இருக்கும், இனி வரப்போகும் நம்ம ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். சம்பளம், வாடகை, கரண்ட் பில், டிக்கெட் எல்லாம் ஒரே ஆப் வங்கியில் ஓடுகிறது, ரெசிடென்ஸ் கார்டு, அதாவது இங்கே தங்க அனுமதி தரும் அட்டை, இன்னும் சில மாதத்தில் முடியப்போகிறது என்றால் கொஞ்சம் பொறுமையாக முழுதும் படித்துவிடுங்கள். வங்கியின் பெயரைச் சொல்லப்போவதில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கிளை என்று ஒன்றே கிடையாது, எல்லாம் போனில்தான் என்கிற ரகம், அவ்வளவு தெரிந்தால் போதும்.

படிக்க வருகிறவர்கள் எல்லோரும் இந்த ரக வங்கியில் போய் விழுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விசாவுக்காக ஷ்பெர்கோன்டோ என்கிற பூட்டிய கணக்கில் 11,904 யூரோ போட்டுவிட்டு வருகிறோம், அதிலிருந்து மாதம் 992 யூரோதான் வெளியே வரும், அது வந்து விழ இங்கே ஒரு சாதாரணக் கணக்கு உடனே வேண்டும். இங்குள்ள உள்ளூர் வங்கிக்குப் போனால் வீட்டுப் பதிவுச் சான்றிதழ் கொண்டுவா, அடுத்த மாதம் நேரம் தருகிறேன் என்பார்கள், அதுவும் ஜெர்மனில். ஆப் வங்கியோ ஆங்கிலத்தில் பேசும், உடனே கணக்கைத் திறந்துவிடும். படிப்பு முடிந்து வேலை கிடைத்த பிறகு சம்பளமும் அதே கணக்குக்குத்தான் வரும், மாற்ற யாருக்கு நேரம் இருக்கிறது.

எனக்கும் வருடக்கணக்கில் ஒரு பிரச்சினையும் இல்லை. அட்டை முடிவதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பம் கொடுத்தாயிற்று. வெளிநாட்டினர் அலுவலகத்தில் அட்டை உடனே வராது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதுவரை வைத்துக்கொள்ள ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்று மடித்த தாள் ஒன்று தருவார்கள். அதன் உள்ளே மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவது கட்டத்தில் குறி போட்டிருந்தால், குடியிருப்புச் சட்டம் 81-ஆம் பிரிவு 4-ஆம் உட்பிரிவின்படி பழைய அனுமதி அப்படியே தொடர்கிறது என்று அர்த்தம், வேலை செய்யும் உரிமையும் சேர்த்து. என் தாளில் மூன்றாவது கட்டம்தான். கம்பெனி அதைப் பார்த்து ஒரு நகல் எடுத்து ஃபைலில் போட்டுக்கொண்டது, வேலை முடிந்தது.

வங்கிக்குத்தான் அது ஏறவில்லை. பழைய அட்டையின் தேதி நெருங்கியதும் ஆப்பைத் திறந்தாலே புது அட்டையை ஏற்றச் சொல்லி ஒரு திரை வந்து மறித்தது. அந்தத் திரையில் அட்டை அளவுக்கு ஒரு செவ்வகம், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. மடித்த தாளைப் பிரித்தால் செவ்வகத்துக்குள் அடங்காது, மடித்தே வைத்தால் குறி போட்ட கட்டம் தெரியாது. எப்படியோ தள்ளி நின்று படம் எடுத்து அனுப்பினால், அடுத்து முடியும் தேதியைத் தட்டச் சொல்கிறது, தாளில் இருக்கிற தேதியைப் போட்டால் ஆவண எண்ணோடு பொருந்தவில்லை என்று சிவப்பில் ஒரு வரி. சாட்டில் கேட்டால் ‘தயவுசெய்து செல்லுபடியாகும் குடியிருப்பு அனுமதியை ஏற்றவும்’ என்ற ஒரே பதில், ஆள் மாறினாலும் வரி மாறவில்லை. சட்டப் பிரிவு எண்ணோடு விளக்கி எழுதினேன். அதற்கும் அதே வரி.

அப்புறம் கணக்கு முடங்கியது. உள்ளே வரும் பணம் வந்துகொண்டே இருந்தது, வெளியேதான் ஒரு சென்ட் போகாது. சம்பளம் விழுந்த நோட்டிபிகேஷன் மட்டும் ஒழுங்காக வந்தது, அதில் குறையே சொல்ல முடியாது. வாடகைக்குப் போட்டிருந்த ஸ்டாண்டிங் ஆர்டர் போகவில்லை. மின்சாரக் கம்பெனி எடுக்க வந்த தொகை திரும்பிப் போனது, அவர்கள் அதற்கு ஒரு கட்டணம் சேர்த்து மானுங், அதாவது பாக்கியைக் கட்டச் சொல்லும் கடிதம் போட்டார்கள். இதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று, மாத டிக்கெட். பணம் எடுக்க முடியாமல் போனதும் டிக்கெட் ஆப் சத்தமில்லாமல் டிக்கெட்டை முடக்கிவிட்டது, ரயிலில் பரிசோதகர் ஸ்கேன் செய்தபோதுதான் தெரிகிறது. 60 யூரோ அபராதம். அவரிடம் வங்கிக் கதையைச் சொன்னால் அவர் என்ன செய்வார், பாவம், இயந்திரத்தில் பச்சை வரவில்லை.

வாடகை விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். இங்கே தொடர்ந்து இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால் நோட்டீஸ் காலமே இல்லாமல் வீட்டைக் காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரருக்குச் சட்டம் இடம் தருகிறது. நண்பன் ஒருவன் தன் கணக்கிலிருந்து என் வாடகையைக் கட்டினான், வீட்டுக்காரம்மாவுக்கும் முன்கூட்டியே மெயில் போட்டுவிட்டேன்.

சரி, வேறு வங்கியில் கணக்கு திறந்து பணத்தை அங்கே மாற்றலாம் என்றால் அங்கேதான் முடிச்சு. கணக்கை மூடப்போகிறோம் என்று கடிதம் அனுப்பிய பழைய வங்கி, மீதிப் பணத்தை உங்கள் பெயரிலேயே உள்ள இன்னொரு கணக்குக்குத்தான் அனுப்புவோம் என்றது. புது வங்கிகளோ அட்டையைக் காட்டு என்றன. வீடியோவில் அடையாளம் பார்க்கும் பல இடங்களில் இந்தியப் பாஸ்போர்ட்டையே ஏற்பதில்லை, தபால் நிலையத்தில் நேரில் காட்டும் வழி இருக்கிறதா என்று கேட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். உள்ளூர் வங்கிக் கிளை ஒன்றில் கவுண்டரில் இருந்த பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அட்டை வந்ததும் வாருங்கள் என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

வழி காட்டியது எங்கள் ஊரில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர். அகதியாக வந்து, இந்த அலுவலகங்கள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கியவர். “வாயாலை கேட்டுக்கொண்டு நிக்காதையும் தம்பி. எழுத்திலை குடும், திகதி போட்டு முத்திரை குத்தி வாங்கும். பிறகு பாரும்” என்றார். அவர் சொன்னது பாசிஸ்கோன்டோ, அதாவது அடிப்படைக் கணக்கு. 2016 ஜூனிலிருந்து ஜெர்மனியில் இது சட்டப்படியான உரிமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி இருக்கிற யாருக்கும், புகலிடம் கேட்டுக் காத்திருப்பவருக்கும்கூட, பொதுமக்களுக்கு நடப்புக் கணக்கு தருகிற வங்கி இதைத் தந்தாக வேண்டும். விண்ணப்பம் கைக்குப் போனதிலிருந்து 10 வேலை நாளுக்குள் ஒப்பந்தம் தர வேண்டும், மறுத்தால் அதே கெடுவுக்குள் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். விண்ணப்பம் வந்துசேர்ந்தது என்று ஒப்புதலும் தர வேண்டும். அடையாளத்துக்குச் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் போதும், பிளாஸ்டிக் அட்டை வேண்டும் என்பது வங்கியின் சொந்தப் பழக்கம்தான்.

படிவம் நிதிக் கண்காணிப்பு ஆணையமான பாஃபினின் தளத்தில் இருக்கிறது. அதில் ஜெர்மனியில் ஏற்கெனவே கணக்கு இருக்கிறதா என்று ஒரு கேள்வி வரும், அதைக் கவனமாக நிரப்புங்கள், ஏனென்றால் பயன்படுத்தக்கூடிய கணக்கு ஒன்று இருந்தால் அதைக் காட்டி மறுக்க வங்கிக்கு உரிமை உண்டு. பழைய வங்கி அனுப்பிய மூடல் கடிதத்தை நான் சேர்த்தே வைத்தேன். அதே கவுண்டர், அதே பெண். படிவத்தின் தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பு போய், உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து முத்திரை குத்திக் கொடுத்தார். கெடுவுக்குள் கணக்கு திறந்தது. ஓவர்டிராஃப்ட் கிடையாது, மற்றபடி வங்கி அட்டை, பரிமாற்றம் எல்லாம் உண்டு. மாதக் கட்டணம் மட்டும் வங்கிக்கு வங்கி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். மறுத்திருந்தால் பாஃபினிடமே முறையிட்டிருக்கலாம், கணக்கைத் திறக்கச் சொல்லி வங்கிக்கு உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

நடுவில் இன்னொரு ஆபத்தும் வந்தது. வாட்ஸ்அப் குழுவில் நான் புலம்பியதைப் பார்த்து ஒருவர் தனியாக மெசேஜ் போட்டார், ‘ப்ரோ, பேப்பரே வேண்டாம், 150 யூரோ கொடுங்க, கணக்கு ரெடி’ என்று. இன்னொன்று பகுதிநேர வேலை என்ற பெயரில் வரும்: வங்கி ஆப்பைச் சோதிக்க வேண்டும், உங்கள் பாஸ்போர்ட்டோடு வீடியோவில் பேசினால் காசு. சோதனை என்று நினைத்து நீங்கள் செய்வது உண்மையான அடையாளச் சரிபார்ப்பு, உங்கள் பெயரில் நிஜக் கணக்கு திறந்துவிடும், அதன் வழியாகத் திருட்டுப் பணம் ஓடும், போலீஸ் கடிதம் உங்கள் வீட்டுக்கு வரும். தெரியாமல் நடந்தது என்றாலும், மிகவும் அசட்டையாக இருந்ததற்கே பணச்சலவை வழக்கு போட இங்கே சட்டத்தில் இடம் உண்டு. விசா புதுப்பிப்பு நிலுவையில் இருக்கும் நேரத்தில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புதுக் கணக்கில் பெயர் எப்படி ஏறியிருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் முன்னே பின்னே இருக்கும். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ பகுதியில் பணம் அனுப்பும்போது பெயரும் ஐபானும் (வங்கிக் கணக்கு எண்) பொருந்துகிறதா என்று வங்கி காட்டுகிறது. நண்பன் பணம் அனுப்பும்போது ‘பெயர் பொருந்தவில்லை’ என்று வந்து அவன் பயந்துவிட்டான்.

சம்பளக் கணக்கை மாற்றச் சொல்லி எச்ஆரிடம் புது ஐபான் கொடுத்தால் அந்த மாதச் சம்பளப் பட்டியல் ஏற்கெனவே போயிருக்கும், ஆகவே இன்னொரு மாதச் சம்பளமும் முடங்கிய கணக்கில்தான் போய் விழுந்தது. அட்டை முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே, பழைய அட்டை செல்லும் காலத்திலேயே, கிளை உள்ள வங்கி ஒன்றில் இரண்டாவது கணக்கு திறந்து வாடகையையும் சம்பளத்தையும் அங்கே மாற்றிவிடுங்கள்.

மீதிப் பணம் ஒருவழியாகப் புதுக் கணக்குக்கு வந்துவிட்டது. மானுங் கட்டணங்களையும் ரயில் அபராதத்தையும் கேட்டு எழுதியதற்கு, தாங்கள் விதிமுறைப்படியே நடந்ததாகப் பழைய வங்கி ஒரே பத்தியில் மறுத்துவிட்டது. இப்போது வங்கித் தகராறுகளைத் தீர்க்கும் சமரச அமைப்பில் புகார் கொடுத்திருக்கிறேன், வாடிக்கையாளருக்கு அதற்குச் செலவு இல்லை. முடிவு வந்ததும் இதிலேயே கீழே சேர்க்கிறேன்.