வீட்டு நடு முற்றத்த மூடுறதா, கொல்லையில ரூம் எடுக்குறதா?

கும்பகோணம் பக்கம் நாட்டு ஓட்டு வீடு வச்சிருக்கவங்களுக்கு இது பழைய தலைவலிதான், திண்ணை ரேழி கூடம் எல்லாம் இருக்கும், ஆனா பையன் படிக்க ஒரு ரூம் இருக்காது.

முத்தத்த மூடுனா செலவு கம்மி. 10க்கு 10 முத்தம்னா 100 சதுர அடி, தரை ஏற்கனவே இருக்கு, மேல பாலிகார்பனேட் ஷீட்டு போட்டா கூடத்தோட சேந்து பெரிய ஹால் ஆயிடும். ஆனா வீட்டுக்கு மூச்சே அந்த முத்தம்தாங்க, சூடான காத்து அது வழியாதான் மேல போகுது, அத அப்படியே அடைச்சிட்டா சித்திரையில உள்ள இட்லி குண்டான் மாதிரி வேகும். அதனால ஷீட்ட ஓட்டுக்கு மேல ஒரு ஒன்றரை அடி தூக்கி நாலு பக்கமும் கம்பி வலை அடிக்கணும். போல்ட்டும் நல்லா முடுக்கணும், 2018 கஜா புயல்ல ஷீட்டெல்லாம் பறந்தத பாத்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

கொல்லை ரூம்னா தனி கதவு, தனி ஜன்னல், நிம்மதி. செலவு பல மடங்கு. நம்ம ஊரு களிமண்ணு வேற ஐப்பசி மழைக்கு உப்பும், கோடையில வெடிக்கும், அதனால பழைய சுவரோட புதுசையும் சேத்துக் கட்டுனா நடுவுல விரிசல் விழுந்துரும், அஸ்திவாரம் தனியா போட்டு ரெண்டுக்கும் நடுவுல கேப் விடச் சொல்லுங்க, கொத்தனார் "சேத்தே கட்டலாம், ஒன்னும் ஆவாதுங்க"னு சொன்னாலும் கேக்காதீங்க.

கொல்லையில இடமும் கையில காசும் இருந்தா நான் ரூம்தான் எடுப்பேன். மழை முத்தத்துல விழுற சத்தம் எனக்கு வேணும்.